பிதாவுக்கு மூன்று வசனம்

மைக்செட் தொழிலில் எனக்கு முப்பது வருடம் ஆகப்போகிறது. கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடிக் கூழ், தர்கா உருஸ், மாதா தேர் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லா மேடைக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். மைக்கைக் கண்டதும் மனிதனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். வாயோடு ஒட்டிவைத்து எச்சில் தெறிக்கக் கத்துபவர், தட்டித் தட்டி "அலோ, அலோ" என்று என் உயிரை வாங்குபவர், இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்து விடிய விடியப் பேசுபவர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. மனதுக்குள் நான் திட்டாத ஒரே ஆள் பிராங்கிளின்தான். அவருக்கு உண்மையில் மைக்கே தேவையில்லை.

காசிமேட்டில் மீன் ஏலம் விடுவது அவர் வேலை. விசைப்படகுகள் வந்து நின்றதும் ஐஸ் தண்ணீரும் டீசல் நாற்றமும் லாரி ஹாரனும் நூறு பேர் கூச்சலுமாக இருக்கும் அந்த இடத்தில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். வஞ்சிரமோ சங்கராவோ, குவியலுக்கு முன்னால் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவார். மேலே ஏறாமல் நின்றதும், "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" மூன்றாவது தரம் சொல்லியாயிற்று என்றால் மீன் கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு படகுக்காரர் காலில் விழுந்தாலும் மாறாது. அதில் பிராங்கிளின் கறார். "மூணாவது தரம் வாயில வர்றதுக்கு முன்னாடி எத்த வேணா மாத்து. அப்பால கேக்காத. அது பூட்ச்சு" என்பார்.

அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கடவுளாக்கினார்கள்.

பிராங்கிளின் வீட்டார் போகும் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஒவ்வொரு தவக்காலத்திலும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகளும் மரணமும்தான் கதை. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு மாலை, கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும். துறைமுக டிரைவர்களும் ரயில்வே ஆட்களும் மீன்பிடிப்பவர்களும் தாடி ஒட்டிக்கொண்டு சீடர்களாகவும் சேவகர்களாகவும் மாறிவிடுவார்கள். நாடகத்தில் பிதாவாகிய கடவுளும் உண்டு. ஆனால் அவர் மேடைக்கு வரமாட்டார், குரல் மட்டும்தான். திரைக்குப் பின்னால், என் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் குரலைக் கொடுப்பவர் பிராங்கிளின்.

பிதாவுக்கு மொத்தம் மூன்று வசனம். மகன் ஆற்றில் ஞானஸ்நானம் வாங்கி எழும்போது ஒன்று: "இவர் என் அன்பு மகன். இவரால் என் உள்ளம் நிறைந்தது." மலைமேல் மகன் ஒளியாக நிற்கும்போது ஒன்று: "இவர் என் மகன். இவர் சொல்வதைக் கேளுங்கள்." மூன்றாவதுதான் பெரியது. பாடுகள் தொடங்குமுன் இயேசு கலங்கிப்போய் வானத்தைப் பார்த்து, "பிதாவே, உமது பெயரை மகிமைப்படுத்தும்" என்பார். வானத்திலிருந்து பதில் வரும்: "மகிமைப்படுத்தினேன். இன்னமும் மகிமைப்படுத்துவேன்." உடனே நான் ஒரு தகரத்தை ஆட்டி இடி எழுப்புவேன். மேடையில் ஒருவன், "இடி இடித்தது" என்பான். இன்னொருவன், "இல்லை, வானதூதர் பேசினார்" என்பான். அதோடு பிதாவின் வேலை முடிந்தது. அப்புறம் சாட்டையடி, முள்முடி, சிலுவை. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று மகன் கதறுகிற இடத்தில்கூடப் பிதாவுக்கு வசனம் கிடையாது. அவர் மைக்கை நான் அணைத்துவிடுவேன். பிராங்கிளின் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்.

மேடைக்கே வராத ஆள், ஆனால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் வருவார். முதல் வருடம் நான் கிண்டல் பண்ணினேன்.

"இன்னா பிராங்கிளின், மாப்பிள்ளை கணக்கா வந்துகீற? திரைக்குப் பின்னாடி உன்னை எவன் பாக்கப்போறான்?"

"நீ பாக்கறல்ல பாய்? கடவுள் குரல் குடுக்கறவன் கலீஜா நிக்கக் கூடாது."

இத்தனைக்கும் நான் ஹுமாயூன். எங்கள் மார்க்கத்தில் இறைவனுக்குப் பிள்ளை கிடையாது. அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனாலும் அந்த முதல் வசனத்தை அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷை பேசுகிற மனுஷன், மைக் முன்னால் நின்றதும் ஒரு எழுத்துப் பிசகாமல் சுத்தத் தமிழில் பேசுவார். ஆயிரம் பேர் இருக்கும் மைதானத்தில் குழந்தை அழுகிற சத்தம்கூட நின்றுவிடும். அப்போது அவர் மனதில் யாரை வைத்துப் பேசினார் என்பது எனக்குத் தெரியும். "இவர் என் அன்பு மகன்" என்று சொன்னதும், திரையிலிருக்கும் ஓட்டை வழியாக முன்வரிசையைப் பார்ப்பார். அங்கே அவருடைய மகன் சாவியோ உட்கார்ந்திருப்பான்.

சாவியோ ஒரே பிள்ளை. அவனுக்குக் கடல்தான் உயிர். அம்மா ஜானட்டின் தம்பிக்குப் படகில் பங்கு உண்டு. மாமாவோடு போக வேண்டும் என்று பத்தாவது முடித்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிராங்கிளின் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவருடைய அண்ணன் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "என் வூட்டுலேர்ந்து கடலுக்கு ஒரு ஆளு குடுத்தாச்சு. இன்னொருத்தன் கிடையாது" என்பார். பையனை ஐடிஐயில் சேர்த்து வெல்டிங் படிக்கவைத்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் அவரே கூட்டிப்போய் விட்டார். ஜானட்டுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "தரையில சாவே இல்லியா? கடவுளு கைக்கு எட்டாத எடம்னு இத்த கண்டுபுடிச்சிட்டியா?" என்று என் எதிரிலேயே கேட்டிருக்கிறாள். பிராங்கிளின் சிரித்தார். தன் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்ற தெம்பு அவருக்கு.

போன வருடம் பொங்கல் கழிந்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "பாய், வண்டி எடுத்துக்கினு வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு என் குட்டி லாரியை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றன. பிராங்கிளின் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு லாரியையும் கண்ணாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்.

நடந்தது இதுதான். காலியாக இருந்த ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் வெல்டிங் வேலை. முதலில் இறங்கியவன் உள்ளே தங்கியிருந்த வாயுவில் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிவிட இறங்கியவன் சாவியோ. இரண்டு பேருமே ஏறிவரவில்லை. முகமூடி கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது, மேலே நின்று பார்க்க ஆள் கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே போயிருந்தது. எங்களை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி ஆளிடம் நான் சண்டை போட்டேன், சட்டையைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பிராங்கிளின் சண்டை போடவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகனைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயரில் கத்தினார். "நைனா! நான் இங்கதான்டா கீறேன்! நைனா! இங்கதான்டா கீறேன்!" காசிமேடு முழுக்கக் கேட்கிற குரல். தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதானே என் பிழைப்பு? தொண்டை கட்டி வெறும் காற்று வரும்வரை கத்தினார். பிறகு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள்.

கான்ட்ராக்டர் தலைமறைவானார், அப்புறம் ஜாமீனில் வந்தார், இப்போது வேறு பெயரில் வேலை எடுக்கிறார் என்று கேள்வி. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வரும்.

துக்க வீட்டுக்கு வந்தவர்களும் என் கோபத்தைக் கிளப்பினார்கள். "ஆண்டவர் சித்தம்" என்று ஒருவர். "நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்ட்டுக்குவாரு" என்று இன்னொருவர். ஒரு பெரிய மனிதர் பிராங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தவனுக்காக உயிர் குடுத்தான். இயேசு மாதிரியே செத்துக்கீறான் உன் புள்ள. மகிமையான சாவு" என்றார். பிராங்கிளின் கையை உருவிக்கொண்டார். "அவன் இயேசு இல்ல சார். சாவியோ" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாளில் அவர் ஏலத்துக்குத் திரும்பினார். நான் மீன் வாங்கப் போயிருந்தேன். விலை ஏறியது, நின்றது. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தமில்லை. வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கையை மட்டும் ஆட்டி எடுத்துப்போகச் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான். இரண்டு தரம் வாயால் சொல்வார், மூன்றாவதுக்குக் கையைக் காட்டுவார். எந்த வியாபாரியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசிமேட்டுக்காரர்கள் வாய்தான் மோசம்.

தவக்காலம் வந்தது. பங்குச்சாமியார் ஜெரால்ட் தெற்கத்திக்காரர், வயது குறைவு, பாசாங்கு இல்லாத மனுஷன். ஸ்பீக்கர் எங்கெங்கே வைப்பது என்று பேச நான் அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது பிராங்கிளின் வந்தார்.

"அண்ணே, இந்த வருசம் நீங்க செய்ய வேண்டாம். வேற ஆள் பாத்துக்கிடலாம்" என்றார் ஃபாதர்.

"நான் அதுக்கு வரல ஃபாதர். ஒண்ணு கேக்கணும். அந்த மூணாவது வசனம். மகிமைப்படுத்துவேன்னு பிதா சொல்றாரே, அப்பால புள்ள சாவறான். அந்தச் சாவுதான் மகிமையா?"

ஃபாதர் சொன்னார். "யோவான் நற்செய்தியில அப்படித்தான் எழுதியிருக்காரு. கடவுளோட மகிமை நாம நினைக்கிற வெற்றி இல்ல, அண்ணே. சிலுவையிலதான் அது முழுசாத் தெரிஞ்சதுன்னு எங்க விசுவாசம். ஜெயிக்கிற இடத்துல மட்டும் அவர் ராஜா இல்ல. எல்லாம் தோத்துப்போன மாதிரி தெரிஞ்ச அந்த நேரத்துலயும் அவர்தான் ராஜா."

"அப்ப என் புள்ள செத்த அன்னிக்கும் அவரு சிம்மாசனத்துல இருந்தாரா?"

"இருந்தாரு."

"சொம்மா இருந்தாரா?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்குத் தெரியாது அண்ணே. தெரியும்னு சொன்னா அது பொய். பைபிள்ல யோபு எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு ஏன்னு கேட்டாரு. கடவுள் காரணம் சொல்லல. நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீ எங்கே இருந்தேன்னு திருப்பிக் கேட்டாரு. யோபு வாயைப் பொத்திக்கிட்டாரு."

"நானும் அதையேதான் கேக்கறேன். அந்தத் தொட்டி மூடிய தொறந்தப்ப நீ எங்க இருந்தன்னு."

"கேளுங்க. கேக்கறதை நிறுத்தாதீங்க. யோபுவும் அவர்கிட்டதான் கேட்டாரு, வேற எங்கேயும் போகல."

பிராங்கிளின் எழுந்துவிட்டார். கதவருகில் நின்று, "வேற ஆளு வேணாம் ஃபாதர். நான்தான் சொல்வேன்" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த மனுஷனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, சிலுவையில் ஒரு பையன் சாவதைப் பார்க்க வைப்பதா? முந்தின வருட நாடகம் முழுவதும் என்னிடம் பதிவாக இருந்தது. அதிலிருந்து மூன்று வசனத்தையும் வெட்டி எடுத்து, பெண்டிரைவில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஜானட் அடுப்படியில் இருந்தாள். ஷெட்டில் இறால் உரித்துவிட்டு வந்த கை இன்னும் சிவந்திருந்தது.

"உன் குரல்தான். நான் போட்டு வுட்டுர்றேன். நீ சொம்மா நின்னா போதும்" என்றேன்.

"அது வேற ஆளு பாய்" என்றார் பிராங்கிளின். "புள்ள உயிரோட கீறவன் சொன்னது."

ஜானட் அங்கிருந்தே பேசினாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. "பாய், அவரு இஷ்டம். சொல்லட்டும். ஆனா என் புள்ள செத்தது மகிமைன்னு மைக்குல சொல்லிட்டு இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது. நான் சொல்லிட்டேன்."

"ஜானட்டு..."

"புள்ள செத்தப்ப அந்தப் பிதா ஒரு சொட்டு அழுதாரா? எங்கனா எழுதிக்கீதா? காட்டு. சூரியன் இருண்டுதுன்னு கீது, பூமி ஆடிச்சின்னு கீது. அழுதாருன்னு கீதா? அழாதவரு இன்னாத்துக்கு மகிமைய பத்திப் பேசணும்?"

பிராங்கிளின் என்னோடு கீழே இறங்கி வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"அவ சொல்றது எனக்குப் புரியுது பாய். எனக்கும் அந்த வசனம் தொண்டையில நிக்குது. ஏலத்துல மூணாவது தரம் சொன்னா அது பூட்ச்சு. இத்த சொல்லிட்டா என் புள்ளய நானே குடுத்துட்ட மாதிரி."

"அப்ப சொல்லாத. எவன் உன்ன கேக்கப்போறான்?"

"சொல்லாம வுட்டா? ஆண்டவரு கையில ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். அப்ப சாவியோ யாரு கையில கீறான்? அந்தக் கான்ட்ராக்டரு கையிலயா? மூடி தொறந்து வுட்டவன் கையிலயா? அவனுங்கதான் என் புள்ளைக்குக் கடைசி எஜமானா? அத்த என்னால தாங்க முடியாது பாய். பேஜாரு புடிச்ச கடவுளா இருந்தாலும் கடவுள் கையிலதான் அவன் இருக்கணும்."

சொன்னால் மனைவி போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகன் போய்விடுவான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குருத்து ஞாயிறு அந்த வருடம் எங்கள் ரமலானுக்குள் வந்தது. திரைக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பிராங்கிளின் வந்தார். கையில் தூக்குச் சட்டி. பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சி. நாடகமும் ரமலானும் சேர்ந்து வரும்போதெல்லாம் இதை அவர் மறந்ததில்லை. அந்த வருடமும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. இஸ்திரி போடுவது ஜானட்.

நான் கஞ்சி குடித்து முடித்தபோது மைதானம் நிரம்பியிருந்தது. திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் ஜானட் இல்லை. கடைசியில், நான் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்துக்குக் கீழே, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி தனியாக நின்றாள். அவள்தான். பிராங்கிளினிடம் நான் சொல்லவில்லை.

முதல் வசனம் நன்றாக வந்தது. "இவர் என் அன்பு மகன்" என்றபோது மைதானம் முழுக்க ஒரு அசைவு. எல்லாருக்கும் விஷயம் தெரியும். பல பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவதும் வந்தது, குரல் கொஞ்சம் தாழ்ந்து. இயேசுவாக நடித்தவன் சாலமன், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற பையன், சாவியோவின் தோஸ்து. பாடுகளுக்கு முந்தின காட்சி வந்ததும் அவன் வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்தான்.

"பிதாவே, உமது பெயரை மகிமைப்படுத்தும்!"

பிராங்கிளின் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. சாலமன் காத்திருந்தான். மறுபடியும், "பிதாவே, உமது பெயரை மகிமைப்படுத்தும்" என்றான். இப்போது அவன் குரலும் உடைந்தது. பிராங்கிளின் என்னைப் பார்த்தார். முந்தின வருடக் குரல் என் லேப்டாப்பில் தயாராக இருந்தது, ஒரு விரல் அழுத்தினால் போதும். அது வேற ஆளு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டு, தகரத்தை எடுத்து ஆட்டினேன். மேடையிலிருந்தவன் சமாளித்துக்கொண்டு, "இடி இடித்தது" என்றான். அடுத்தவன், "இல்லை, வானதூதர் பேசினார்" என்றான். யாரும் பேசவில்லை என்பது மைதானத்துக்கே தெரியும். நாடகம் நகர்ந்தது.

அவ்வளவுதான், முடிந்தது, ஜானட்டோடு வீடு போய்ச் சேருவார் என்று நினைத்தேன். வழக்கம்போல வெளியே போவார், மைக்கை அணைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அவர் போகவில்லை, நானும் அணைக்கவில்லை. மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். சாட்டையடி முடிந்தது. முள்முடி முடிந்தது. சிலுவையைத் தூக்கி நிறுத்தினார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள், வானம் இருளுகிற கட்டம்.

"என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

முதலில் ஸ்பீக்கரில் மூச்சு மாதிரி ஒன்று வந்தது. ஏதோ ஒயர் கோளாறு என்று குனிந்து பார்த்தேன். கோளாறு இல்லை. பிராங்கிளின் அழுதுகொண்டிருந்தார். நெஞ்சிலிருந்த மைக் அத்தனையையும் வாங்கி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. எட்டு பெட்டியிலும் அந்த அழுகை. இருட்டில் சிலுவைமேல் மகன் தொங்குகிறான், மேலேயிருந்து ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் இறங்குகிறது. இது நாடகத்தில் இருக்கிறதா என்று ஒரு குழந்தை கேட்டது எனக்கே கேட்டது.

பக்கவாட்டில் நின்ற ஜெரால்ட் ஃபாதர், மைக்கை அணை என்று எனக்குக் கை காட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முப்பது வருடத்தில் ஆர்டர் கொடுத்தவர் சொல்லைத் தட்டியது அன்றுதான். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு எங்கள் ஆட்களே கேட்டார்கள். ஒரு தகப்பன் அழும்போது அணைக்கிற பட்டன் என் பெட்டியில் இல்லை என்று சொன்னேன்.

"நைனா" என்றார் பிராங்கிளின். கட்டிப்போன தொண்டை. அந்தத் தொழிற்சாலை கேட்டில் நின்று நான் கேட்ட அதே குரல். "நைனா... நான் இங்கதான்டா கீறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிலுவையில் சாலமனின் உடம்பு குலுங்கியது. அவன் சொல்ல வேண்டிய கடைசி வசனத்தைச் சொன்னான், தலையைத் தொங்கவிட்டான். இந்த இடத்தில் மணி அடிக்க வேண்டும். மணி அடிப்பவன் மறந்துபோய் நின்றான். மைதானத்தில் ஒரு சத்தமில்லை. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலின் ஊதல் மட்டும் கேட்டது.

பிராங்கிளின் கண்ணைத் துடைத்தார். கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக்கை நெஞ்சிலிருந்து எடுத்து வாயருகே வைத்தார்.

"மகிமைப்படுத்தினேன்."

நிறுத்தினார். அடுத்தது வருமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏலத்தில் இரண்டாம் தரத்துக்குப் பிறகு திறந்தபடி நின்றுபோன வாய் ஞாபகம் வந்தது.

"இன்னமும் மகிமைப்படுத்துவேன்."

வசனம் சரி, இடம் தப்பு. உயிரோடு கேட்ட மகனுக்குச் சொல்லாத பதிலைச் செத்த மகனுக்குமேல் சொல்லிவிட்டார். அதில் கம்பீரம் இல்லை, வெற்றி இல்லை. தன் கையிலிருந்ததை எடுத்து இன்னொருவர் கையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்த மனுஷனின் குரல் அது. நான் தகரத்தை எடுக்கவில்லை. அவருக்கு இடி வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் முழங்காலில் நின்றார், பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். ஃபாதரும் முழங்காலிட்டார். எனக்குத் தொழுகை வேறு, திசை வேறு. ஆனாலும் அந்த நேரத்தில் இறைவன் பெரியவன் என்று என் உதடு தானாகச் சொன்னது.

பிராங்கிளின் மைக்கை என் பெட்டிமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "சொல்லிட்டேன் பாய். இனிமே எனக்கு வூடு இல்ல" என்றார்.

கல்லறைக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைத் தள்ளிக்கொண்டு ஜானட் உள்ளே வந்தாள். அத்தனை கூட்டத்தைத் தாண்டிக் கடைசியிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாய், அத்த அமத்துங்க" என்றாள். அணைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"மேலேர்ந்து அழுவுற சத்தம் கேட்டுச்சு. அது நீ மட்டுமா, அந்தப் பிதாவுமா?"

பிராங்கிளின் பெட்டிமேல் இருந்த மைக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மைக்குல நான் மட்டும்தான் ஜானட்டு."

அவள் முகத்தில் ஆறுதல் என்று எதுவும் இல்லை. இரண்டு மாதமாக அழாதவள், அப்போதும் அழவில்லை. கையை நீட்டி அவர் சட்டைக் காலரில் இருந்த மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

"எந்திரி" என்றாள். "வூட்டுக்குப் போவலாம்."